டேப்பின் வால் ஏன் சதுரம்

ஒரு பட்டறையில் மரை போடும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், டேப் வைத்திருக்கும் இழுப்பறையைத் திறந்து டேப்புகளின் வால் பக்கத்தைப் பார்த்தால் போதும். பல் பக்கம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேயும். வால் பக்கம் அப்படியல்ல. உருண்டைத் தண்டில் வளையம் வளையமாகக் கீறல் விழுந்திருந்தால், அந்த டேப்பை டிரில் சக்கில் மாட்டியிருக்கிறார்கள், அது சக்குக்குள்ளேயே வழுக்கிச் சுற்றியிருக்கிறது. தண்டு சுத்தமாக இருந்து, கடைசியில் உள்ள சதுரத்தின் மூலைகள் மட்டும் மினுங்கினால், அங்கே டேப் ஹேண்டிலோ டேப்பிங் அடாப்டரோ புழங்குகிறது. கீறல் விழுந்த டேப்புகள்தான் அதிகம். வழுக்கும்போதெல்லாம் பட்டறையில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: இன்னும் இறுக்கு. சக் சாவியில் பைப்பைச் சொருகி இறுக்குகிற அளவுக்கு அந்தப் பதிலில் எல்லோருக்கும் நம்பிக்கை. இத்தனை வருடம் இந்த வேலையில் புழங்கிய பிறகு எனக்கு அந்த நம்பிக்கை சுத்தமாக இல்லை. டேப் வழுக்குவது சக்கை இறுக்கியது போதாமல் அல்ல. மூன்று தனித்தனி வேலைகளை ஒரே இறுக்கத்திடம் ஒப்படைத்ததுதான் காரணம்.

டிரில் கேட்பது வேறு, டேப் கேட்பது வேறு. டிரில் ஒரே திசையில் சுற்றுகிறது. நாம் மேலிருந்து அழுத்துகிறோம். அந்த அழுத்தமே சக்கை மோர்ஸ் டேப்பருக்குள் இன்னும் ஆழமாக உட்கார வைக்கிறது. நடுவில் கொஞ்சம் வழுக்கினால் துளை கெட்டுப்போவதில்லை, மறுபடி இறுக்கி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். டேப் அப்படியல்ல. முதல் இரண்டு மூன்று சுற்று பிடித்த பிறகு அதை யாரும் அழுத்த வேண்டியதே இல்லை, தானே தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு ஒரு பிட்ச், அதற்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அடியைத் தொட்டதும் அதே வழியில் பின்னோக்கிச் சுற்றி வெளியே வர வேண்டும். ஆகவே டேப்பைப் பிடிப்பது என்பது மூன்று பொறுப்பு: அதைச் சுற்றுவது, துளைக்கு நேராக வைத்திருப்பது, மேலும் கீழும் தன் போக்கில் போக விடுவது. டேப் செய்தவர்கள் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள். சுற்றுவதற்குச் சதுரம், நேராக வைப்பதற்கு உருண்டைத் தண்டு. மூன்றாவதற்கு டேப்பில் எதுவும் கிடையாது, அதை மெஷினோ ஹோல்டரோ பார்த்துக்கொள்ள வேண்டும். டிரில் சக் சதுரத்தைக் கண்டுகொள்வதே இல்லை. மூன்று தாடைகளால் உருண்டையை நெருக்கி, உராய்வை மட்டும் நம்பி மூன்று பொறுப்பையும் ஏற்கிறது. ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-இல் காப்புரிமை வாங்கிய சாவி வைத்த சக், டிரில்லுக்கு இன்றைக்கும் நல்ல சக்தான். அதன்மேல் எனக்குக் குறையில்லை, அதற்குத் தெரியாத வேலையை அதனிடம் கொடுப்பதில்தான் குறை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மரை வெட்டத் தேவையான முறுக்குக்கு டூல் கம்பெனிகளின் கையேடுகளில் எளிய சூத்திரம் இருக்கிறது: பிட்ச்சை அதனாலேயே பெருக்கி, அதை விட்டத்தாலும் உலோகத்தின் வெட்டுத் தடையாலும் பெருக்கி, 8000-ஆல் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் விடை வரும். சாதாரண எஃகுக்கு வெட்டுத் தடையை 2000 என்று வைத்துக்கொண்டால், எம்3-க்கு 0.2, எம்6-க்கு 1.5, எம்8-க்கு 3.1, எம்12-க்கு 9.2, எம்16-க்கு 16. எம்6-லிருந்து எம்12-க்குப் போனால் விட்டம் இரண்டு மடங்குதான், முறுக்கோ ஆறு மடங்கு. பிட்ச் இரண்டு தடவை பெருக்கப்படுவதால் வரும் வினை இது. இனி தண்டைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 529 அளவுப்படி எம்6 டேப்பின் தண்டு 6.3 மி.மீ., எம்12 டேப்பின் தண்டு வெறும் 9 மி.மீ. ஆழமான துளையில் தண்டும் சேர்ந்து உள்ளே இறங்க வேண்டியிருப்பதால் 10.2 மி.மீ. துளைக்கு அதைவிடத் தடித்த தண்டு வைக்க முடியாது. ஆக, முறுக்கு ஆறு மடங்கு ஏறும்போது பிடிப்பதற்குக் கிடைக்கும் தண்டு ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. இதைத் தண்டின் மேற்பரப்பில் விழும் இழுவையாக மாற்றினால் எம்6-க்கு 50 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, எம்12-க்கு 200 கிலோவுக்கு மேல். எண்ணெய் பட்ட பளபளப்பான இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே உராய்வுக் குணகத்தை 0.15 என்று தாராளமாகவே வைத்தாலும், அந்த இழுவையைத் தாங்கத் தாடைகள் மூன்றும் சேர்ந்து எம்6-ஐ 320 கிலோ அளவிலும் எம்12-ஐ 1,400 கிலோ அளவிலும் நெருக்க வேண்டும். புது டேப்புக்கே இந்தக் கணக்கு. தேய்ந்த டேப் இதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். அதுவும் மூன்றே மூன்று கோடுகளில் தொடுகிற பிடி. சாவியில் பைப் போட்டு எவ்வளவு நேரம் இந்த எண்ணோடு மல்லுக்கட்ட முடியும்?

இதற்கு வரும் முதல் மறுப்பு பழசு, ஆனால் ஒதுக்கிவிடக் கூடியதல்ல. சக் வழுக்குவது நல்லதுதானே, வழுக்காவிட்டால் டேப் அல்லவா உடையும், கொஞ்சம் லூஸாகப் பிடித்தால் அடியில் முட்டும்போது தானாக நின்றுகொள்ளும் என்பார்கள். அதாவது சக்கை ஒரு ஃபியூஸாகப் பயன்படுத்துகிறார்கள். யோசனையில் தவறில்லை. டேப் உடைந்து துளைக்குள் சிக்கினால் அதை எடுக்க ஸ்பார்க் எரோஷன் வரை போக வேண்டும், பல சமயம் ஜாப்பே போய்விடும். அதைத் தவிர்க்க ஒரு ஃபியூஸ் வேண்டும்தான். ஆனால் சக் என்கிற ஃபியூஸ் தலைகீழாக வேலை செய்கிறது. எம்3, எம்4 போன்ற சின்ன டேப்பில் பள்ளங்கள் போக நடுவில் மிஞ்சும் உலோகம் மிகக் கொஞ்சம். சாதாரணமாகச் சாவி போட்டு இறுக்கிய சக் அதை விடுவதற்குள் டேப் முறிந்துவிடும். எம்12, எம்16-இலோ அடியில் முட்டுவதற்கு வெகு முன்னால், வெட்டும் சுமைக்கே சக் விட்டுவிடும். காப்பாற்ற வேண்டிய இடத்தில் காப்பாற்றாது, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. நடுவில் எம்6, எம்8 என்று ஒரு சின்ன இடைவெளியில் மட்டும், அன்றைக்கு யார் இறுக்கினார், தண்டில் எண்ணெய் எவ்வளவு என்பதைப் பொறுத்து, அது ஃபியூஸ் மாதிரி நடந்துகொள்ளும். எத்தனை ஆம்பியருக்குப் போகும் என்று தெரியாத ஃபியூஸை யாரும் மெயின் பெட்டியில் போடுவதில்லை. அளவு வைத்து நழுவுகிற ஏற்பாடும் இருக்கவே இருக்கிறது: ஒவ்வொரு டேப் அளவுக்கும் தனி அடாப்டர், அதற்குள் அந்த அளவுக்கு ஏற்றபடி அழுத்தம் வைத்த கிளட்ச். அடியில் முட்டினால் கிளட்ச் கடகடவென்று நழுவும், டேப் அப்படியே நிற்கும், தண்டில் ஒரு கீறலும் இருக்காது. அதில் டேப்பைச் சுற்றுவது சதுரம். நழுவுவது வேறொரு இடம்.

இன்னொரு வழி பட்டறைக்காரர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு: தண்டில் கிரைண்டரால் மூன்று பட்டை போட்டுத் தாடைகளை அதன்மேல் உட்கார வைப்பது. வழுக்குவது நின்றுவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் கையால் பிடித்துப் போட்ட பட்டைகள் சரியாக 120 பாகையில், சமமான ஆழத்தில் விழுவது அபூர்வம். ஒரு பட்டை 0.2 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்தால் டேப் மையத்திலிருந்து விலகிச் சுழலும். எம்8 மரையில் 6எச் அளவுக்குப் பிட்ச் விட்டம் 7.188-லிருந்து 7.348 வரை இருக்கலாம், அதாவது மொத்த இடமே 0.16 மி.மீ. ஆடிக்கொண்டு இறங்குகிற டேப் அந்த இடத்தை எளிதாகத் தின்றுவிடும், நோ-கோ கேஜ் உள்ளே போய்விடும். போல்ட் ஏறும், ஆனால் லொடலொடக்கும். பிறகு அந்த டேப்பைக் காலெட்டிலும் மாட்ட முடியாது, விற்கவும் முடியாது. சாவியில்லாத சக் இதைவிட மோசம். அது சுற்றச் சுற்றத் தானே இறுகும் என்பது உண்மை, டிரில்லுக்கு அது வரம். ஆனால் இறுகுவது முன்னோக்கிச் சுற்றும்போதுதான். டேப் பின்னோக்கி வரும்போது, அதுவும் சுருள் அடைத்து மிகவும் திணறுகிற அந்த நேரத்தில், சக் தளர்கிறது. டேப்பைத் துளையிலேயே விட்டுவிட்டுச் சக் மட்டும் மேலே வந்து நிற்கும்.

இது தெரியாமலா இத்தனை காலம் ஓடியது என்று கேட்கலாம். ஓடியதற்குக் காரணம் சக்கின் திறமையல்ல, நாம் வெட்டிய உலோகம். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப், மோட்டார் வேலை என்றால் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதன் வெட்டுத் தடை எஃகில் ஏறக்குறைய பாதி. சுருள் சுற்றிக்கொள்ளாது, பொடியாக உதிரும். வார்ப்பிரும்பில் எம்8 போடுவது முறுக்குக் கணக்கில் எஃகில் எம்6 போடுவதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அலுமினியம் அதைவிட இலகு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை, அதே சக்கோடு ஈஎன்8 எஃகுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் வரும்போதுதான் தகராறு தொடங்குகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடுதல் முறுக்குக் கேட்கிறது, சுருளை விடாமல் பிடித்துக்கொள்கிறது. சீவல் எடுக்காமல் உலோகத்தை நெருக்கியே மரை உருவாக்குகிற ஃபார்மிங் டேப் அதற்கும் மேலே கேட்கும். அதுவரை நம்பிய சக் திடீரென்று கெட்டுப்போனதாகத் தோன்றும். மாற்றி வேறு சக் வாங்குவார்கள். சக் கெடவில்லை, எல்லை தாண்டிவிட்டோம், அவ்வளவுதான். பிடியை மாற்ற வழியில்லாத நாளில் முறுக்கைக் குறைக்கலாம் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. எம்6-க்கு 5.0 மி.மீ. துளை போட்டால் மரையின் உயரம் 77 சதவீதம், 5.1 போட்டால் 69. 6எச் அளவில் உள்விட்டம் 5.153 வரை அனுமதி உண்டு, ஆகவே 5.1 திருட்டு வேலை இல்லை. டேப்பின் திணறல் உடனே குறையும். டிரில் பிட்டை ஒழுங்காகச் சாணை பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 5.1 போட்ட துளை அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

மூன்றாவது பொறுப்பு, அதாவது டேப்பைத் தன் போக்கில் விடுவது, டிரில்லிங் மெஷினில் ரிவர்ஸ் சுவிட்ச் வந்த பிறகுதான் பிரச்சினையாகத் தெரிய ஆரம்பித்தது. கையால் ஹேண்டில் போட்டு முதல் டேப், இரண்டாம் டேப், பாட்டம் டேப் என்று இறக்கிய காலத்தில் டேப்புக்கு எந்தக் கட்டும் இல்லை. அது இழுத்தது, ஃபிட்டரின் கை கூடவே இறங்கியது. மோட்டாரில் சுற்ற ஆரம்பித்ததும் இரண்டு சங்கடம். ஒன்று, ரிவர்ஸ் போட்டதும் ஸ்பிண்டில் அந்தக் கணமே நிற்காது. 200 ஆர்பிஎம்மில் அரை நொடி ஓடி நின்றால்கூட ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கிட்ட ஆகிறது. எம்8-இல் அது 2 மி.மீ. அடி மூடிய துளையில் அந்த 2 மி.மீ. இருக்குமா இருக்காதா என்பதுதான் டேப்பின் ஆயுள். இரண்டாவது, பின்னோக்கி வரும்போது டேப் தன் பிட்ச்சின் வேகத்தில் மேலே ஏறுகிறது. ஸ்பிண்டிலைக் கையால் அதே வேகத்தில் தூக்காமல் பிடித்து நிறுத்தினால் டேப் சக்கை நெம்பும், வேகமாகத் தூக்கினாலோ மரையின் மேல் பக்கம் சீவப்படும், சக்கும் டேப்பரிலிருந்து கழன்று கையோடு வரும். மோர்ஸ் டேப்பர் அழுத்தத்துக்கு நிற்கிற ஏற்பாடே தவிர இழுப்புக்கு நிற்பதல்ல. தன்னைத் தானே திருப்பிக்கொள்ளும் டேப்பிங் அட்டாச்மென்ட் இந்த இரண்டையும் தீர்த்தது. மோட்டார் ஒரே திசையில் ஓடும். கைப்பிடியை அழுத்தினால் டேப் இறங்கும், தூக்கினால் உள்ளே இருக்கும் கியர் திசையை மாற்றும். உள்ளே சில மில்லிமீட்டர் மிதப்பு இருப்பதால் கையின் வேகம் முன்னே பின்னே இருந்தாலும் டேப் தன் பிட்ச்சிலேயே போகும். விலையைக் கேட்டதும் பலர் வாங்காமல் திரும்பினார்கள். ஒரு மாதத்தில் உடைத்த டேப்புகளுக்குக் கணக்கு எழுதி வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள்.

மில்லிங் மெஷினில் இழுப்புக்குப் பயமில்லை, டிராபார் போல்ட் மேலிருந்து பிடித்திருக்கும். அதனாலேயே அங்கே ஒரு பொய்த் தைரியம் வந்துவிடுகிறது: ஈஆர் காலெட் சுற்றிலும் பிடிக்கிறது, மூன்று கோடு அல்ல, இனி வழுக்காது என்று. சக்கைவிட எவ்வளவோ மேல், மையமும் சக்கைவிடப் பல மடங்கு துல்லியம். ஆனாலும் அது உராய்வுப் பிடிதான், கணக்கு மாறவில்லை. தண்டில் கூலண்ட், காலெட்டின் வெட்டுகளில் தூள், நட்டை அரைகுறையாக இறுக்குவது எல்லாம் சேர்ந்தால் எம்12-க்கு மேல் காலெட்டிலும் தண்டு சுற்றும். இதற்கென்றே உள்ளே சதுரம் வெட்டிய ஈஆர் காலெட் இருக்கிறது: உருண்டையை நெருக்கி மையத்தைப் பார்த்துக்கொள்ளும், சதுரத்தைப் பிடித்துச் சுற்றும். பொறுப்பைப் பிரித்துக் கொடுத்த பிடி. ஆனால் நம் ஊர் இழுப்பறையில் அதற்கு ஒரு தொல்லை உண்டு. டோட்டெம், எம்கே என்று நம் நாட்டு டேப்போடு ஜெர்மன் அளவும் ஜப்பான் அளவும் கலந்து கிடக்கும். எம்10 என்றால் டிஐஎன் 371-லும் ஐஎஸ்ஓ-விலும் தண்டு 10 மி.மீ., சதுரம் 8; ஜப்பான் அளவில் தண்டு 7, சதுரம் 5.5. எம்6-இல் மூன்றும் மூன்று சதுரம்: டிஐஎன் 4.9, ஐஎஸ்ஓ 5.0, ஜப்பான் 4.5. சதுரக் காலெட்டில் 4.5 சதுரத்தை 4.9 இடத்தில் சொருகினால் தண்டு பிடித்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தண்டு வழுக்கிய கணத்தில் சதுரம் ஒரு தட்டுத் தட்டிப் பிறகு பிடிக்கும், பல் சில்லு பெயரும். டேப் வாங்கும்போது மரை அளவோடு தண்டின் அளவையும் ஆர்டரில் எழுதுகிற பட்டறைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான்.

பிறகு கணினி ஓட்டும் விஎம்சி மெஷின் வந்தது, ரிஜிட் டேப்பிங் வந்தது. இதுதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி. ஸ்பிண்டில் எத்தனை பாகை சுற்றியது என்று என்கோடர் சொல்ல, இசட் அச்சு அதற்குச் சரியாக இறங்குகிறது; திரும்பும்போதும் அப்படியே. மிதப்பு ஹோல்டர் தேவையில்லை, சாதாரணக் காலெட்டில் மாட்டி, புரோகிராமில் எம்29 என்ற கட்டளையைப் போட்டு ஓட்டினால் போதும் என்கிறார்கள். பெருமளவுக்கு உண்மை. ஆழம் இப்போது பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் திரும்பத் திரும்ப வருகிறது, மிதக்கும் ஹோல்டரில் அது நடக்காது. ஆனால் கவனியுங்கள், இங்கே மூன்றாவது பொறுப்பு மறையவில்லை, ஹோல்டரிடமிருந்து கன்ட்ரோலுக்கு இடம் மாறியிருக்கிறது. கன்ட்ரோல் நாம் எழுதிய எண்ணை நம்புகிறது. எம்8-ஐ 500 ஆர்பிஎம்மில் ஓட்டினால் ஃபீடு 625. யாரோ 620 என்று எழுதிவிட்டால் 20 மி.மீ. ஆழத்தில் 0.16 மி.மீ. பிசகு. பழைய மிதப்பு ஹோல்டர் இதைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும். ரிஜிட்டில் அதை விழுங்குவது மரையின் பக்கச் சுவர். எண் சரியாக இருந்தாலும், திரும்பும் கணத்தில் ஸ்பிண்டிலுக்கும் அச்சுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த மயிரிழைக்காக மட்டும் மிகச் சிறிய மிதப்பு வைத்து ஹோல்டர் செய்து விற்கிறார்கள் என்பதே, மிதப்பு தேவையில்லை என்ற பேச்சுக்குப் போதுமான பதில். தண்டு காலெட்டுக்குள் வழுக்கினாலோ ரிஜிட் டேப்பிங்கில் ஆபத்து முன்னைவிடக் கூடுதல். டேப் நின்றுவிட்டது கன்ட்ரோலுக்குத் தெரியாது. அச்சு கணக்குப்படி இறங்கிக்கொண்டே இருக்கும், சுற்றாத டேப்பை ஆணி போல அழுத்தும்.

டிரில் சக்கைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. ஒரு டிரில்லிங் மெஷினும் ஒரு சக்கும் மட்டுமே இருக்கிற பட்டறைதான் நாட்டில் அதிகம். எம்6 வரை, வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும், இருபுறமும் திறந்த துளையில், ஸ்பைரல் பாயின்ட் டேப்பைச் சக்கில் மாட்டிக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம். தண்டைத் துணியால் துடைத்து, சக்கின் மூன்று துளையிலும் சாவி போட்டு இறுக்கினால் அந்த எல்லைக்குள் பிழையில்லை. மாட்டுவதற்கு முன் தாடைகளின் வாய் அகன்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய சக் பின்பக்கம் மட்டும் பிடிக்கும், முன்பக்கம் டேப் ஊசலாடும். அதற்கு மேல் போகும்போது சக்கிடமிருந்து சுற்றும் வேலையை வாங்கிவிட்டு, நேராக வைக்கும் வேலையை மட்டும் கொடுக்கலாம். பெரிய டேப்பின் வாலில் நடுவே ஒரு சென்டர் துளை இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. துளை போட்ட ஜாப்பை வைஸிலிருந்து அசைக்காமல், டிரில்லைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் வைத்த ஒரு கூர் ஊசியைச் சக்கில் மாட்டி, அந்தச் சென்டரில் லேசாக அழுத்தி நிறுத்த வேண்டும். மோட்டார் அணைந்திருக்க வேண்டும். டேப்பின் சதுரத்தில் ஹேண்டிலை மாட்டிக் கையால் சுற்றினால், ஊசி நேராக வைத்திருக்கும், சதுரம் முறுக்கை வாங்கும், ஸ்பிரிங் டேப் போகிற போக்குக்கு இறங்கும். இதில் எம்16 கூட அசையாமல் இறங்குகிறது. நேரம்தான் பிடிக்கும், ஒரு துளைக்கு மூன்று நான்கு நிமிடம்.